பொக்கட் கமராவா, போனா? திருவிழாவுக்கு ஊர் போகும் தம்பிக்கு

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கொழும்பில் வேலை. வைகாசியில் பொகவந்தலாவைப் பக்கம் உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறீர்கள். மாமா 2010இல் சவுதியிலிருந்து கொண்டுவந்த ஃபிளிப் வீடியோ கமரா ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. அதைத் தூசு தட்டி எடுப்பதா, இப்போது வருகிற ஒஸ்மோ பொக்கட் மாதிரிச் சின்னக் கமரா ஒன்று வாங்குவதா, இல்லை கையிலுள்ள போனே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. போன வருசம் போனில் எடுத்ததை வீட்டில் ஒருவரும் ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. தப்பு மேளச் சத்தம் கரகர என்கிறது, ஊர்வலம் ஆடி ஆடித் தெரிகிறது, விளக்கு வெட்டி வெட்டித் தெரிகிறது, அம்மாயி பேசியது தகரக் கூரையில் விழுந்த மழையில் அமுங்கிப்போனது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கேள்வி, வீட்டு ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற மாதிரி எடுப்பது எப்படி என்பதுதான். கமரா அதில் ஒரு பகுதி, அவ்வளவே.

நான் ஹட்டன் பக்கம் இருபத்திரண்டு வருசமாகக் கல்யாண வீடு, சடங்கு வீடு, தேர்த் திருவிழா என்று வீடியோ எடுக்கிறவன். மினி டீவி (MiniDV) என்ற சின்ன வீடியோ நாடாவில் தொடங்கினேன். கமராவின் உள்ளே இருக்கிற பொறியியல் எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். ஆனால் இருட்டு, சத்தம், ஈரம் இந்த மூன்றிடமும் நன்றாக அடிபட்டிருக்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்கிறேன். என் கைப்பழக்கம் மட்டும் என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பழைய ஃபிளிப். அதை வைத்துத் திருவிழா எடுக்கிற யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அதற்குள் மாமா எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நீங்கள் போட்ட படத்தில் தெரிவது ஃபிளிப் அல்ட்ரா எச்டி என்ற மொடல். 8 ஜிபி உள் நினைவகம், இரண்டு மணி நேரம் பிடிக்கும். தனி மெமரி காட் கிடையாது, எடுத்தது எல்லாம் உள்ளேதான் கிடக்கும். பெட்டரிக் கதவைத் திறந்து, சாதாரண ஏஏ பெட்டரி பல வருசமாக உள்ளே இருந்திருந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் பெட்டரியைக் கழற்றிவிட்டு, காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் மடங்கியிருக்கும் யூஎஸ்பி கையை நீட்டிக் கணினியில் செருகுங்கள். கூடவே வந்த மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். பென் டிரைவ் மாதிரித் திறந்து, வீடியோக் கோப்புகளை அப்படியே பிரதி எடுத்தால் போதும். இந்த வகை நினைவகம் மின்சாரம் இல்லாமல் வருசக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் கெடும். இது நிச்சயம். எத்தனை வருசத்தில் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே திருவிழா வரைக்கும் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள். பதினைந்து வருசத்துக்கு முந்திய லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் அதில் இருந்தால், நீங்கள் வாங்கப்போகிற எந்தக் கமராவும் அதற்கு ஈடாகாது.

அந்த ஃபிளிப்புக்கு ஒரு சின்னக் கதை உண்டு. பியூர் டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் 2007இல் ஃபிளிப் அல்ட்ராவை விட்டது. சட்டைப் பையில் போடலாம், நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், அழுத்தினால் எடுக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அவ்வளவுதான். 2009இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது, 2011 ஏப்ரலில் ஃபிளிப்பையே மூடியது. அதற்குள் போன்களே நல்ல வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் அந்த ஒற்றைப் பொத்தான் யோசனை தோற்றுப்போனதாக எனக்குப் படவில்லை. பூட்டைத் திறந்து, வந்த மெசேஜைத் தள்ளி, கமராவைத் தேடி எடுப்பதற்குள் கரகம் நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது. நடுவில் யாராவது கோல் எடுத்தால் பதிவே நின்றுவிடும் போன்களும் உண்டு. தனிக் கமராவின் பெரிய லாபம் அதுதான், படத்தின் தரம் இரண்டாவது. ஃபிளிப்பைப் பகல் வெளிச்சத்தில் விளையாட்டுக்கு எடுங்கள். மைக் செருக இடமில்லை, இரவில் மண்டிப்போகும், திருவிழாவுக்கு அது ஆகாது.

சரி, புதிதாக வாங்குவதானால் எது? இரண்டு சாதிதான் இருக்கிறது. ஒன்று, லென்ஸ் ஒரு குட்டித் தலையில் நின்று மோட்டாரால் அசைவைச் சமன் செய்கிற கிம்பல் வகை. ஒஸ்மோ பொக்கட் 3 அப்படிப்பட்டது. 2023 ஒக்டோபரில் வந்தது, 179 கிராம், உள்ளே ஓர் அங்குல சென்சார், திரையைப் பக்கவாட்டில் திருப்பினாலே விழித்துவிடும். மற்றது கோப்ரோ மாதிரி ஆக்ஷன் கமரா. அது ஆட்டத்தைப் படத்தின் ஓரங்களை வெட்டிச் சமன் செய்கிறது. பகலில் இரண்டும் அழகாகவே எடுக்கும். இருட்டில்தான் பிரிவார்கள். வெளிச்சம் குறைந்தால் வீடியோவின் ஒவ்வொரு பிரேமும் (தனிப்படமும்) கூடுதல் நேரம் திறந்திருக்கும், அதற்குள் கை ஆடினால் அந்தப் பிரேமே கலங்கிவிடும். கலங்கின படத்தை எவ்வளவு வெட்டி நிமிர்த்தினாலும் கலக்கம் போகாது. கிம்பல் லென்ஸையே அசையாமல் பிடிப்பதால் இந்தத் தொல்லை அதற்குக் குறைவு. உங்கள் திருவிழாவில் முக்கியமானதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். கரகம் பாலிப்பது, தீ மிதிப்பு, ஒற்றை பல்பு எரிகிற லயத்துக் காம்பறா. ஆகவே உங்களுக்குக் கிம்பல் வகை. ஆனால் ஒன்று: அது மழை தாங்காது. கோப்ரோ ஹீரோ 5இலிருந்து உறை இல்லாமலே 10 மீற்றர் ஆழம் வரை தாங்கும் என்று கம்பனியே சொல்கிறது. பொக்கட்டுக்கு அந்த உறுதி கிடையாது. வைகாசி என்றால் பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை ஏறும் காலம். பதுளை, பண்டாரவளை ஆளாக நீங்கள் இருந்தால் ஆடி ஆவணியில் காய்ந்த வெயிலில் எடுப்பீர்கள், இந்தக் கவலையே வராது. உங்களுக்குக் குடை பிடிக்க ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும். நான் கேலிக்குச் சொல்லவில்லை, கல்யாண வீடுகளில் எனக்கு அப்படி ஒரு பையன் இருந்தான்.

கிம்பல் எல்லா ஆட்டத்தையும் விழுங்கிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். சாய்வையும் திரும்பலையும் பிடிக்கும். நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் எம்புவதை அது பிடிக்காது. கொழுந்து நிறைந்த கூடையோடு சரிவில் இறங்குகிற பெண்களைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கும், அடி சின்னதாக இருக்கும், தலை ஏறி இறங்காது. அந்த நடையில் நடந்தால் போனில் எடுத்தாலும் பாதி ஆட்டம் போய்விடும். இன்னும் நல்லது, நடக்காமலே இருப்பது. ஓரிடத்தில் நின்று பத்து செக்கன் பிடியுங்கள், ஊர்வலம் உங்களுக்குள் வரட்டும், வெளியே போகட்டும். ஸூம் செய்யாதீர்கள். கிட்டப் போக முடியாவிட்டால் தூரமாகவே இருக்கட்டும்.

போன வருசம் ஊர்வலத்தில் விளக்கு வெட்டி வெட்டித் தெரிந்தது என்றீர்களே, அதற்குக் காரணம் நம் மின்சாரம். இலங்கையில் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவு எல்ஈடி பல்புகளும் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கக் கணக்கில் செக்கனுக்கு 30 பிரேம், 1/60 செக்கன் ஷட்டர் (ஒரு பிரேம் திறந்திருக்கும் நேரம்) என்று எடுத்தால் அது பட்டை பட்டையாக ஓடும். கமராவை 25 அல்லது 50 பிரேமில் வையுங்கள், ஷட்டரை 1/50 அல்லது 1/100. ஐபோன் என்றால் கமரா அமைப்பில் ‘Show PAL Formats’ என்ற தெரிவை முதலில் போட்டால்தான் 25 தெரியும். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் ஓடினால் இந்தக் கணக்கும் கொஞ்சம் பிசகும், சின்ன ஜெனரேட்டர்கள் சரியாக 50இல் நிற்பதில்லை. அப்போது திரையைப் பார்த்து ஷட்டரை முன்னே பின்னே நகர்த்துவதுதான் வழி.

இனிச் சத்தம். என்னைக் கேட்டால் முக்கால்வாசி வீட்டு வீடியோக்கள் செத்துப்போவது இங்கேதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நம் சனம் பார்க்கும், சத்தம் கெட்டால் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடும். தப்பின் முன்னால் நாலு அடியில் நின்று எடுத்தால் மைக் தாங்காமல் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். நாலு அடியிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பதினாறு என்று பின்னுக்குப் போனாலே கரகரப்பு அடங்கிவிடும். கமராவில் ஒலி அளவைக் கையால் வைக்க முடிந்தால், தப்புக்காரர்கள் சூடு காய்ச்சித் தட்டிப் பார்க்கும்போதே அளவைக் குறைத்து வைத்துவிடுங்கள். ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது இன்னும் ஏறும், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

அம்மாயி விஷயம் நேர் எதிர். அங்கே மைக் கிட்டப் போக வேண்டும், வாயிலிருந்து ஒரு சாணுக்குள். சேலையில் குத்துகிற சின்ன வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கினால், அது போனிலும் பாவிக்கலாம், பொக்கட்டிலும் பாவிக்கலாம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கமராவை விட்டுவிட்டு மைக்கை வாங்குங்கள் என்பேன். வெளியில் எடுப்பதானால் ரோமம் வைத்த காற்றுறை வேண்டும். கூடவே வரும் ஸ்பொஞ்ச் நம் மலைக் காற்றுக்குக் காணாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது. மழை விடும்வரை காத்திருங்கள், அல்லது காலையில் பேச வையுங்கள். டிவியை நிறுத்துங்கள். அடுப்பு மட்டும் எரியட்டும், அந்த விறகு வெடிக்கிற சத்தம் பிறகு உங்களுக்கே வேண்டியிருக்கும்.

பேச வைப்பது பற்றி இது என் பழக்கம் மட்டும். கதிரையில் உட்காரவைத்து “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்க அம்மாயி” என்றால் அவர்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். கை வேலை செய்யும்போது கேளுங்கள். ரொட்டி தட்டும்போது, வெற்றிலை இடிக்கும்போது. கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். பிரட்டுக்களத்துக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) எத்தனை மணிக்குப் போனீர்கள், முதல் நாள் எத்தனை கிலோ எடுத்தீர்கள், எந்த மலையில் அட்டை அதிகம். பதில் முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள், இன்னும் பத்து செக்கன் ஓடட்டும். நல்ல பேச்சு அநேகமாக அந்தப் பத்து செக்கனில்தான் வரும். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருசம் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் நடந்த மலையகம் 200 நிகழ்வுகளின்போது பல பேர் பெரியவர்களைப் பேச வைக்கத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் அந்தத் தலைமுறை இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஈரத்துக்கு வருகிறேன், இதில் நான் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். பல வருசத்துக்கு முன் தை மாதம் நுவரெலியாவில் ஒரு கல்யாணம். 1868 மீற்றர் உயரம், விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கமராவை இரவு முழுக்க வேனிலேயே விட்டிருந்தேன். காலையில் எடுத்துக்கொண்டு, சமையல் ஆவியும் குத்துவிளக்கும் சனமும் நிறைந்த மண்டபத்துக்குள் போனேன். கெட்டிமேளம் கொட்டுகிறது, திரையில் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிட்டது. தாலி கட்டுகிற காட்சி அந்த வீட்டுக்கு இன்றுவரை இல்லை. காரணம் எளிது. குளிர்ந்த பொருள் சூடான ஈரக் காற்றுக்குள் போனால் மேலே நீர் படியும். எப்போதும் இந்தத் திசையில்தான். உள்ளேயிருந்து வெளியே போனால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. உள்ளே வருமுன், வெளியிலேயே கமராவை ஒரு ஸிப் பையில் போட்டு மூடுங்கள். அரை மணித்தியாலம் பைக்குள்ளேயே சூடாகட்டும், நீர் பையின் வெளியே படியும். துணியால் துடைத்துத் துடைத்து எடுப்பது வீண் வேலை, துடைக்கத் துடைக்கப் படியும்.

திருவிழா முடிந்து எடுத்து வைக்கும்போது தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டாதீர்கள். இருட்டு, அசையாத காற்று, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் மூன்றும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். வி.எச்.எஸ். நாடா வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும், நம் பகுதியில் பழைய கல்யாணக் கஸெட்டுகள் பாதி வெள்ளை பூத்துப்போயின. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. நான் செய்வதில்லை, ஈரத்தை இழுப்பதைவிட மாவுத் தூசியைத்தான் அது கூடுதலாகக் கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதும் உண்மை. சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் பவர் பேங்கை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. பொக்கட்டின் பெட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மெமரி காட் கணக்கு. 4கே என்ற உயர் தரத்தில் செக்கனுக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி காட் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். வீட்டு நினைவுக்கு அதைவிடக் குறைந்த 1080பி தரமே தாராளமாகப் போதும். 25 மெகாபிட்டில் அதே காட் ஐந்தரை மணித்தியாலம் ஓடும். காட்டில் வி30 என்று போட்டிருக்க வேண்டும், செக்கனுக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். போலிக் காட்டுகள் நிறைய. 128 என்று எழுதியிருக்கும், உள்ளே 16தான் இருக்கும். நிரம்பின பிறகு எடுத்ததெல்லாம் காற்றில் போய்விடும். வாங்கின அன்றே கணினியில் போட்டு முழுவதும் எழுதித் திரும்ப வாசித்துப் பாருங்கள். அதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. எடுத்து முடித்ததும் இரண்டு வேறு இடங்களில் பிரதி இருக்கும்வரை காட்டை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினது பிரதி ஆகாது, அது படத்தை நசுக்கித்தான் அனுப்பும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

கமரா சின்னதாக இருப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: எடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. பீலியடியில் குளிக்கிற இடம், சாமி வந்து ஆடுகிற பெண், வாசலில் முடி உலர்த்துகிறவர்கள், இவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சாமி ஆடினவரிடம் மறுநாள் காட்டி, வைத்திருக்கலாமா என்று கேட்பது என் வழக்கம். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, அழித்திருக்கிறேன். ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போகிற வழியில் கோச்சியில் (ரயிலில்) எடுப்பதானால் ஜன்னலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்கிற காட்சி எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது.

ஆக என் கணக்கு இப்படி. இந்த வருசம் போன், ஒரு மைக், ஒரு நல்ல காட், இவற்றோடு போங்கள். நான் சொன்ன 25 பிரேம், தூரம், பத்து செக்கன் இவற்றைச் செய்து பாருங்கள். வந்து பார்க்கும்போது இருட்டுக் காட்சிகள்தான் குறை என்று தெரிந்தால் அடுத்த வருசத்துக்குக் கிம்பல் கமரா வாங்குங்கள். விலை அடிக்கடி மாறுவதால் அதை இங்கே எழுதவில்லை. வாங்கும்போது உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஃபிளிப்பைச் செருகிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருந்தது என்று எழுதுங்கள். கோப்பு திறக்கவில்லை என்றால் அதன் பெயரையும் கடைசி எழுத்துகளையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.